சார்ஜ் தீர்ந்த பிறகு

பார்சல் கம்பெனியின் பின்பக்கத்தில் ஜன்னல் இல்லாத ஓர் அறை. விலாசம் தவறித் திரும்பி வரும் பொட்டலங்கள் எல்லாம் அங்கேதான் வந்து குவியும். பதினோரு வருஷமாக அவற்றுக்கு வழி கண்டுபிடித்து அனுப்புவது அவள் வேலை என்பதால், எல்லோருக்கும் அவள் விலாசக்கா. மேலட்டையில் "பச்சை கேட், நாய் இருக்கும்" என்று மட்டும் எழுதியிருந்தாலும், நாலு இடத்துக்குப் போன் போட்டு அந்த நாயின் சொந்தக்காரரைப் பிடித்துவிடுவாள்.

தடுப்புக்கு அந்தப் பக்கம் பேக்கிங் பிரிவு. காலையிலிருந்து சாயங்காலம்வரை டேப் இழுக்கிற சத்தம் காதைப் பிய்க்கும். அதற்காக வாங்கியதுதான் இயர்பட்ஸ். மூன்று வருஷத்தில் அதற்கும் வயசாகிவிட்டது. இடது பக்கம் இருபது நிமிஷத்தில் அடங்கிவிடும், வலது பக்கம் பதினோரு மணியைத் தாண்டாது. அதற்குப் பிறகும் அவள் கழற்றுவதில்லை. காது காலியாக இருந்தால் ஆளாளுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கதை பேச வந்துவிடுவார்கள்.

லிஃப்ட் மெக்கானிக்கான அவள் வீட்டுக்காரர், அவளுக்குப் புது ஜோடி தேடி ஒரு வாரமாகப் போனும் கையுமாக இருந்தார்.

"இது வெளிச் சத்தத்தை அப்படியே அடக்கிடுமாம். பக்கத்துல இடி விழுந்தாகூடத் தெரியாதாம்!"

"இடி விழுந்தா எனக்குத் தெரிஞ்சாகணுமேங்க" என்றாள். ஆனாலும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமையும் பதினோரு மணிக்கு முன்பே பாட்டு நின்றுவிட்டது. அவள் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து பொட்டலங்களுக்கு முத்திரை குத்தும் சீல் அண்ணன், தன் மனைவியிடம் போனில் பேசிக்கொண்டிருந்தார்.

"எங்க பிரிவை மூடறாங்கம்மா. இனிமே மெஷினே விலாசம் படிச்சுக்குமாம். மெஷினுக்குப் புரியாததைப் பாக்க ரெண்டே ரெண்டு பேர், புதுக் கட்டடத்துல. வேணுங்கறவங்க வெள்ளிக்கிழமைக்குள்ள மனு எழுதிக் குடுக்கணும். என்னைக் கவுன்டர்ல போட்டுட்டாங்க, கவலையில்ல. யாரு, விலாசக்காவா? அவங்ககிட்ட சொல்லவே இல்ல. பேக்கிங்குக்கு அனுப்பிடப் போறாங்க. எப்பப் பாத்தாலும் காதை அடைச்சுக்கிட்டு இருக்கறவங்க, யாரோடயும் ஒட்டாதவங்க, அவங்க எங்க புது இடத்துக்கு வரப் போறாங்கன்னு மேனேஜர் மேடமே முடிவு பண்ணிட்டாங்க. நாங்களும் வாயைத் திறக்கக் கூடாதாம்."

விலாசக்காவின் கை விசைப்பலகைமேல் அப்படியே நின்றது. திரும்பிப் பார்க்கவும் முடியவில்லை. அவள் பாட்டுக் கேட்டுக்கொண்டிருப்பதாகத்தானே ஊரே நினைத்துக்கொண்டிருக்கிறது! எழுந்து போய்த் தண்ணீர் குடித்தாள். வந்து உட்கார்ந்தாள். பத்து நிமிஷத்தில் மறுபடியும் எழுந்தாள். ஒரு மருந்துப் பொட்டலத்தை வேறு யாரோ ஒருவர் விலாசத்துக்கு எழுதிவிட்டு, கடைசி நேரத்தில் ஓடிப்போய் வண்டியிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்தாள். பதினோரு வருஷத்தில் அது முதல் தடவை.

வீட்டில் அவர் போனை நீட்டினார். "வெள்ளையா, கறுப்பா? சொல்லு, இப்பவே ஆர்டர் போட்டுடறேன்."

"ரெண்டு நாள் போகட்டும்."

"நேத்துவரைக்கும் சரின்னுதானே சொன்னே?"

"போகட்டும்னு சொல்றேன்ல!"

மறுநாள் இயர்பட்ஸை வேண்டுமென்றே சார்ஜ் போடாமல் எடுத்துப் போனாள். காலையிலிருந்தே வெறுமனே மாட்டிக்கொண்டு காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். புதுக் கட்டடத்தைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை. யாருக்கோ முழங்கால் வலி, யார் மருமகனுக்கோ வேலை போய்விட்டது. பேக்கிங்கிலிருந்து வந்த ஒருத்தி அவளைப் பார்த்தபடியே, "இந்தம்மாவுக்குத் திமிருதான்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அதற்கும் முகத்தை மாற்றாமல் இருக்க வேண்டியிருந்தது. சாயங்காலம் கழுத்தெல்லாம் இறுகிப்போய்விட்டது.

வியாழக்கிழமை வீட்டுக்காரர் விடவில்லை. நேரில் பார்த்து முடிவு பண்ணலாம் என்று கடைக்கே கூட்டிப்போனார். விற்பனைப் பெண் புது ஜோடியை அவள் காதில் பொருத்தி ஒரு தட்டுத் தட்டினாள். தெருச் சத்தம், மின்விசிறிச் சத்தம், ஆட்களின் பேச்சு எல்லாம் பட்டென்று காணாமல் போயின. எதிரே அவர் வாய் அசைந்தது. என்னவோ சொல்கிறார். சிரிக்கிறார். விலாசக்கா இரண்டையும் பிடுங்கி மேஜைமேல் வைத்தாள்.

"என்ன சொன்னீங்க? இப்ப என்னமோ சொன்னீங்களே?"

"நல்லாருக்கான்னு கேட்டேன். ஏன் இப்படி வேர்க்குது உனக்கு?"

பஸ் நிறுத்தத்தில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"மேடத்துகிட்ட நேராப் போய்க் கேக்க வேண்டியதுதானே?"

"எப்படிக் கேக்கறது? யார் சொன்னான்னு கேப்பாங்களே. காதுல இது இருந்துச்சேங்க!"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பஸ் வந்து நிற்கும்வரை சிரித்தார். முதலில் முறைத்தவள், பிறகு தானும் சிரித்தாள். அன்றைக்கே உட்கார்ந்து மனுவை இரண்டு தடவை எழுதினாள். முதல் தடவை ரொம்பக் கெஞ்சுவதுபோல் இருந்ததால் கிழித்துப் போட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை, காதில் ஒன்றுமில்லாமல் போய் மேடத்தின் மேஜைமேல் காகிதத்தை வைத்தாள். மேடம் அதை எடுத்துப் படித்தார்.

"உங்களுக்கு யார் சொன்னது?"

"காதுல விழுந்துச்சு மேடம்."

"உங்க காதுலயா?"

"ஆமா. ரெண்டு நாளா வேற எதுவும் விழல."

மேடத்தின் முகம் கொஞ்சம் சுருங்கியது. "உங்களுக்கு விருப்பம் இருக்காதுன்னு நானா நினைச்சுட்டேன். கேட்டிருக்கணும்" என்று சொல்லிக் காகிதத்தை மற்ற மனுக்களோடு சேர்த்து வைத்தார். இரண்டு இடம், ஐந்து மனு.

அறைக்குத் திரும்பியதும் சீல் அண்ணனின் மேஜைமுன் போய் நின்றாள்.

"அண்ணே, செவ்வாய்க்கிழமை போன்ல பேசினது..."

"காதுல விழுந்துச்சா?" அவர் முத்திரையைக் கீழே வைக்காமலே கேட்டார். "விழணும்னுதான் பேசினேன். யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னுதானே மேடம் சொன்னாங்க? என் பொண்டாட்டிகிட்டகூடவா சொல்லக் கூடாது?"

"நான் பாட்டுக் கேக்கலன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"பாட்டு ஓடுறப்ப உங்க தலை ஆடும்மா. பதினோரு மணிக்கு மேல ஆடாது. ஒரு வருஷமாப் பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன்."

அவளுக்குக் கூச்சமாகவும் இருந்தது, அழுகையும் வந்தது. அந்த ஒரு வருஷத்தில் தன் முதுகுக்குப் பின்னால் அந்த மனுஷன் என்னென்ன பேசினார், அதில் எதெல்லாம் தனக்காகப் பேசினார் என்று யோசித்து யோசித்து, அன்றும் வேலை சரியாக ஓடவில்லை.

பத்து நாள் கழித்து உத்தரவு வந்தது. இரண்டு இடத்தில் ஒன்று அவளுக்கு. புதுக் கட்டடத்துக்குப் போக ஒரு மணி நேரம் பஸ்ஸில் உட்கார வேண்டும். அந்த ஒரு மணி நேரத்துக்காக, சத்தத்தை அடக்காத சாதாரண ஜோடி ஒன்றை வீட்டுக்காரரிடம் ஆர்டர் போடச் சொன்னாள். "அதுல அப்படி ஒண்ணும் விசேஷம் இல்லையே" என்று அவருக்கு மனக்குறைதான்.

புது அறையில் டேப் சத்தம் கிடையாது. இரண்டு மேஜை, மெஷின் படிக்க முடியாத காகிதங்கள், எதிரே வேறு கிளையிலிருந்து வந்த ஒரு நடுவயதுக்காரர். இரண்டு நாள் அவர் வாயே திறக்கவில்லை. அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. காகிதத்தைப் புரட்டினாள், பேனாவைத் தேடினாள், அவரைப் பார்த்தாள். மூன்றாம் நாள், பதினோரு மணி வாக்கில், நாற்காலியை இழுத்துக்கொண்டு அவர் மேஜைப் பக்கம் போனாள்.

"சார், டீ குடிக்கப் போலாமா?"