நாலாம் வரிசைக் கண்ணாடி ஓடு

எங்கள் வீட்டில் காப்பி டம்ளர் இரண்டு அளவில் இருந்தது. பெரியது எனக்கு, சின்னது வருகிறவர்களுக்கு. டிரில் மாஸ்டர் எங்களோடு சேர்ந்த மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை என் மனைவி பெரிய டம்ளரை அவர் கையில் கொடுத்தாள். சின்னது எனக்கு வந்தது. அன்றைய டைரியில் அதைக் குறித்திருக்கிறேன். காப்பி ஆறியிருந்தது என்றும் எழுதியிருக்கிறேன். அது உண்மைதானா என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

அது தொண்ணூறுகளின் நடுப்பகுதி. எனக்கு நாற்பத்தாறு வயது. பீளமேட்டுப் பக்கம் ஒரு மோட்டார் கம்பெனியில் இன்ஸ்பெக்ஷன் பிரிவில் இருந்தேன். அளந்து பார்க்காமல் எதையும் சரி என்று சொல்லக்கூடாத வேலை. எங்கள் தெருவுக்குப் பின்னால் மில்லுக்காரர்களுக்காக அந்தக் காலத்தில் கட்டிய லைன் வீடு இருந்தது. பதினொரு வீடுகள், ஒரே நீளமான ஓட்டுக்கூரை. முன்னால் ஒரு கதவு, அதை விட்டால் வெளிச்சம் வர வழியில்லை. பட்டப்பகலில் ஒவ்வொரு வீட்டிலும் நூறு வாட் குண்டு பல்பு எரியும். மேலே தகரமோ ஆஸ்பெஸ்டாஸ் அட்டையோ போட்டு நீட்டிய இடங்களில் மத்தியானம் உட்கார முடியாது.

இதைப் பார்த்துவிட்டு ஞாயிற்றுக்கிழமைகளில் ஏதாவது செய்யலாம் என்று ஆரம்பித்தவன் நான்தான். ஒரு டெய்லர், ஒரு பஸ் கண்டக்டர், தெருமுனை சர்ச்சுக்குப் போகும் அண்ணன் தம்பி இரண்டு பேர், நான். கூரையில் கண்ணாடி ஓடு பதிப்போம். அட்டைக்கு மேலே சுண்ணாம்பு அடிப்போம். குண்டு பல்பை எடுத்துவிட்டு டியூப் லைட் மாட்டுவோம். புகை அடுப்பைச் சரி செய்வோம்.

ஆனால் எதற்கும் முன்னால் அளக்க வேண்டும் என்பது என் முறை. ஆள் உயரத்தில் ஆணி அடித்து தெர்மாமீட்டரைத் தொங்கவிடுவேன். காலை, மத்தியானம், சாயங்காலம் என்று இரண்டு வாரம் குறிப்பேன். எந்த பல்பு எத்தனை மணி நேரம் எரிகிறது, மீட்டர் எவ்வளவு ஓடுகிறது, எல்லாம் நோட்டில் வரும். அதன் பிறகுதான் ஓட்டில் கை வைப்போம். ஒரு வருடத்தில் நாலு வீடு முடித்திருந்தோம்.

அப்போதுதான் தாராபுரத்துப் பள்ளிக்கூடத்திலிருந்து மாற்றலாகி டிரில் மாஸ்டர் எங்கள் தெருவுக்கு மாடி வீட்டில் குடிவந்தார். என்னைவிடப் பத்து வயது சின்னவர். வந்த முதல் ஞாயிறே லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓட்டு மேல் ஏறிவிட்டார். அவர் முறை வேறு. மத்தியானம் ஒரு வீட்டுக்குள் போவார். பல்பை அணைக்கச் சொல்வார். இருட்டில் ஒரு நிமிடம் சும்மா உட்கார்ந்திருப்பார். பிறகு, "அம்மணி, நீங்க எந்த எடத்துல உக்காந்து வேலை செய்வீங்க?" என்று கேட்பார். அந்த இடத்துக்கு மேலே ஓட்டை மாற்றுவார். அவ்வளவுதான். ஒரே ஞாயிற்றுக்கிழமையில் இரண்டு வீடு முடியும். அந்த வீட்டுக்காரர்களுக்குத் திருப்தியாக இருக்கும். அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஒரு நாள் தெர்மாமீட்டரோடு ஒரு வீட்டு வாசலில் நின்றேன். அந்த வீட்டு அம்மா உள்ளே பார்த்து, "நோட்டுக்காரரு வந்திருக்கறாருங்க" என்றாள்.

உள்ளேயிருந்து ஒரு குரல் கேட்டது. "மாஸ்டரு வல்லீங்களா?"

அந்த மாதத்தில் என்னிடம் மாஸ்டரைப் பற்றிக் கேட்டவர்கள் பதினான்கு பேர். என் மனைவியைச் சேர்க்காமல்.

மாஸ்டர் ஒரு காரியம் செய்தார், மற்றவர்கள் யாரும் செய்யாதது. என் நோட்டைக் கேட்டு வாங்கிப் படித்தார். பெரிய டம்ளர் கொடுத்த அந்த ஞாயிறுதான். ஒரு மணி நேரம் பக்கம் பக்கமாகப் புரட்டினார். பிறகு எங்கள் வீட்டு முன் அறையின் சிமென்ட் தரையில் இருந்த வெள்ளைப் பொட்டுகளைப் பார்த்தார். எங்கள் கூரையிலும் ஒரு கண்ணாடி ஓடு உண்டு. ஆறு வருடமாக ஒவ்வொரு மாதமும் முதல் தேதி, சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வரும் நேரத்தில், பகல் பன்னிரண்டு இருபதுக்கு, அதன் வழியாக விழும் வெயில் சதுரத்தின் ஒரு மூலையில் பெயிண்ட்டால் பொட்டு வைத்துவந்தேன்.

"ஏனுங்க, எறும்பு வரிசையாட்ட இருக்குதுங்களே. இது எதுக்குங்க?" என்று கேட்டார்.

"அது வெயில் நகர்ற கணக்குங்க. டிசம்பர்ல..." என்று நான் ஆரம்பித்தபோது காப்பி வந்துவிட்டது.

"பூசின தரையில பெயிண்ட் பொட்டு. எத்தனை தேச்சாலும் போகமாட்டீங்குதுங்க மாஸ்டர். இவருகிட்ட நீங்களாச்சும் சொல்லுங்க" என்றாள் என் மனைவி. மாஸ்டர் சிரித்தார். பேச்சு எங்கேயோ போய்விட்டது. என் கையில் சின்ன டம்ளர் இருந்தது. அந்தக் கணக்கை நான் சொல்லி முடிக்கவில்லை.

நவம்பரில் லைன் வீட்டின் ஏழாம் நம்பருக்கு முறை வந்தது. அந்த வீட்டுக்காரர் மில் குடோனில் பஞ்சு பேல் அடுக்கிலிருந்து விழுந்து இடுப்பு போனவர். மூன்று வருடமாக இரும்புக் கட்டிலில் படுக்கை. அவரைப் புரட்டிப் போட இரண்டு பக்கமும் ஆள் நிற்க வேண்டும் என்பதால் கட்டில் அறையின் நடுவில் கிடக்கும். நகர்த்த வேறு இடமும் கிடையாது. அவர் மனைவி காலை ஏழரைக்குப் பஞ்சு குடோன் வேலைக்குப் போனால் ஆறு மணிக்குத்தான் வருவாள். சுவிட்ச் அவர் கைக்கு எட்டாது. பகல் முழுக்க பல்பு எரியட்டும் என்று விட அவளுக்கு மனசு வராது. அணைத்துவிட்டுப் போவாள். அவர் பத்தரை மணி நேரம் இருட்டில் படுத்திருப்பார். அவர் கேட்டது ஒன்றுதான், பகலில் பேப்பர் படிக்க வேண்டும்.

அந்த வீட்டில் என் குறிப்பு எடுப்பது ஐந்து வாரம் இழுத்துவிட்டது. டிசம்பரில் மாஸ்டர் கண்ணாடி ஓட்டோடு வந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரர் கட்டிலில் இருந்தபடி என்னைப் பார்த்துக் கேட்டார். "எழுதி முடிச்சுட்டீங்களாங்க? அஞ்சு வாரமா இருட்டை எழுதறீங்க. எனக்கு இங்க கொறையவே காணமுங்க."

டெய்லர் சிரித்தார். கண்டக்டர் சிரித்தார். வாசலில் நின்ற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். மாஸ்டர் மட்டும் சிரிக்காமல், "அவரு எழுதறதுல தப்பில்லீங்க. நமக்குத்தான் பொறுமை பத்தாது" என்றார். அவர்கள் சிரித்தது கூடப் பரவாயில்லை. எனக்காக இவர் பேசியதுதான் பொறுக்கவில்லை.

மாஸ்டர் மேலே ஏறினார். கூரையின் பின்சரிவில், உச்சியிலிருந்து நாலாம் வரிசையில் ஒரு ஓட்டைக் கழற்றி, அந்த இடைவெளி வழியாகத் தலையை நீட்டினார்.

"ஏனுங்க, கட்டிலுக்கு நேர் மேல இது. இங்கயே வெக்கட்டுங்களா? உங்க நோட்டுல என்ன இருக்குது?"

நோட்டு என் கையில் இருந்தது. அதைத் திறக்கக்கூட வேண்டியதில்லை. டிசம்பரில் உச்சிவெயில் தெற்கே சாய்ந்து வரும், அதனால் வெளிச்சம் கட்டிலைத் தாண்டி வடக்கே பின்சுவரில் விழும். ஏப்ரலில் சூரியன் தலைக்கு நேரே வந்துவிடும். வெயில் ஓட்டுக்கு நேர் கீழே, கட்டிலின் தலைமாட்டில் வந்து நிற்கும். ஆறு வருடப் பொட்டு அதைத்தான் சொல்லியது.

"உங்க இஷ்டமுங்க" என்றேன்.

ஓடு உட்கார்ந்ததும் பின்சுவரின் அடியில், அரிசி டின்னுக்குப் பக்கத்தில் வெயில் சதுரமாக விழுந்தது. அறை முழுக்க வெளிச்சம் பரவியது. லைன் வீடே வந்து எட்டிப் பார்த்தது. அவர் பேப்பரை வாங்கி மழை நிலவரம் சத்தமாகப் படித்தார். அவர் மனைவி மேலே பார்த்துவிட்டு, "அட, இத்தனை ஒட்டடையிலயாங்க இருந்தோம்" என்று கூச்சத்தோடு விளக்குமாற்றைத் தேடினாள்.

அன்று சாயங்காலம் நோட்டில் எழுதினேன்: "ஏழாம் நம்பர். நாலாம் வரிசை. சித்திரையில் வெயில் கட்டிலுக்கு வரும். மாஸ்டர் கேட்டார். நான் சொல்லவில்லை."

அதன் பிறகு ஒவ்வொரு முதல் தேதியும் தெர்மாமீட்டரைச் சாக்காக வைத்து அந்த வீட்டுக்குப் போனேன். ஜனவரியில் சதுரம் இன்னும் சுவரடியிலேயே இருந்தது. பிப்ரவரியில் அரிசி டின்னுக்கும் கட்டிலுக்கும் நடுவில் இருந்தது. மார்ச்சில் கட்டில் காலிலிருந்து ஒரு சாண். நான் அதை நல்ல நாளை எதிர்பார்ப்பதைப் போல எதிர்பார்த்தேன். என் மனசுக்குள் ஒரு காட்சி ஓடும். லைன் வீட்டுக்காரர்கள் கூடியிருப்பார்கள். மாஸ்டர் தலையைக் குனிந்து நிற்பார். நான் நோட்டைத் திறந்து, "என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா" என்று ஆரம்பிப்பேன். அந்த இடத்தில் ஒவ்வொரு தடவையும் காட்சி நின்றுவிடும். அவர் கேட்டிருந்தார்.

ஏப்ரல் முதல் தேதி கம்பெனி வேலையில் வெளியே வர முடியவில்லை. மூன்றாம் வாரம் அரை நாள் லீவு போட்டுவிட்டுப் போனேன். மணி பன்னிரண்டரை. கதவு வெறுமனே சாத்தியிருந்தது. திறந்ததும் நான் முதலில் பார்த்தது தெர்மாமீட்டரைத்தான். முப்பத்தெட்டு. அதற்குப் பிறகுதான் கட்டிலைப் பார்த்தேன்.

அவர் முகத்தின் மேல் ஒரு துண்டு கிடந்தது. துண்டின் மேல் வெயில் சதுரம்.

"யாருங்க?" என்றார் துண்டுக்கடியிலிருந்து.

"நான்தானுங்க."

"நோட்டுக்காரருங்களா. வாங்க. எழுதிக்கோங்க."

துண்டை எடுத்தேன். காய்ந்து மொடமொடவென்றிருந்தது. நெற்றித் தோல் கறுத்து ஓரத்தில் உரிந்திருந்தது.

"எத்தனை நாளா இப்பிடிங்க?"

"பத்து நாளுக்கு மேல ஆச்சுங்க. பன்னெண்டு தாண்டினா வரும், ஒரு மணி ஆனாத்தான் போகும். அம்மணி துண்டை நனைச்சு வெச்சுட்டுத்தான் போறா. நேரத்துக்கு முன்னாலயே காஞ்சுபோயிருதுங்க."

"மாஸ்டர்கிட்ட சொல்றதுதானுங்க?"

"வேண்டாமுங்க. அவரு ஆசையா வெச்சுக் குடுத்தாரு. கேட்டா மனசு நொந்துபோவாரு. சூரியன் நகந்தா அவரு என்ன பண்ணுவாருங்க? நீங்களும் சொல்லிப்போடாதீங்க."

வெயில் முகத்தில் அடிக்கும்போதும் இந்த மனுஷன் மாஸ்டரைத்தான் காப்பாற்றிக்கொண்டிருந்தார். அந்த நிமிடத்திலும் எனக்கு அதுதான் தோன்றியது என்பதை மறைக்க விரும்பவில்லை. துண்டைத் தண்ணீரில் நனைத்துப் போட்டேன். கட்டிலைத் தள்ளிப் பார்த்தேன். ஒரு விரற்கடை நகர்வதற்குள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு முனகினார். விட்டுவிட்டேன். என் குடையை விரித்துத் தலைமாட்டுக் கம்பியில் கயிறு போட்டுக் கட்டினேன். நிழல் முகத்தில் விழுந்தது.

"குடை எல்லாம் புடிச்சாச்சு. இனி மழைதான் வரோணுமுங்க" என்றார்.

மாஸ்டர் பள்ளிக்கூடத்திலிருந்து வரும் வரை அவர் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தேன். விஷயத்தைச் சொன்னேன். "பத்து நாளாங்க?" என்று இரண்டு தடவை கேட்டார். பிறகு, "நோட்டைக் குடுங்க. எந்த வரிசைக்கு மாத்தோணும்னு பாத்துக்கலாம். இன்னும் வெளிச்சம் இருக்குது" என்றார்.

வரிசையை நான் வாயால் சொல்லியிருக்கலாம். ஏன் கொடுத்தேன் என்று தெரியாது. கொடுத்துவிட்டேன். அவர் படியில் நின்றபடியே புரட்டினார். டிசம்பர் பக்கத்தில் அவர் விரல் நின்றது. என் கையெழுத்து அச்சு மாதிரி தெளிவாக இருக்கும். படிக்க அதிக நேரம் ஆகவில்லை. அவர் நிமிர்ந்து என்னைப் பார்க்கவில்லை. ஏன் என்றும் கேட்கவில்லை. நோட்டை மூடித் திருப்பிக் கொடுத்தார்.

"எட்டாம் வரிசைங்களா?"

"எட்டாம் வரிசைங்க. அங்க வெச்சா எந்த மாசமும் கட்டிலுக்கு வராது."

அன்று நான் ஏறினேன். அதுவரை கீழே நின்று எழுதியவன்தான், ஓட்டு மேல் கால் வைத்ததில்லை. மாஸ்டர் ஏணியைப் பிடித்துக்கொண்டார். ஒரு நல்ல ஓட்டை மிதித்து உடைத்தேன். நாலாம் வரிசையிலிருந்து கண்ணாடி ஓட்டை எடுத்து எட்டாம் வரிசையில் பொருத்துவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. கீழே அந்த வீட்டு அம்மா வேலையிலிருந்து திரும்பியிருந்தாள். கூரை மேல் இருந்தவன் நான். அவளோ பக்கத்து வீட்டுக்காரியிடம், "மாஸ்டரு வந்து சரி பண்ணிப்போட்டாருங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

மாஸ்டர் அவளைத் திருத்தினார். "நான் இல்லீங்கம்மணி. அவருதான் பாத்துச் சொன்னாரு. அவரு நோட்டுல எல்லாம் இருக்குதுங்க."

எந்த மனசோடு அதைச் சொன்னார் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. குரலில் ஒன்றும் இல்லை.

"அப்ப நோட்டுக்கும் நல்ல காலந்தானுங்க" என்றார் கட்டிலில் இருந்தவர். எல்லோரும் சிரித்தார்கள். இந்த முறை என்னைக் கேலி செய்யும் சிரிப்பு இல்லை. அடுத்த வாரத்திலிருந்து லைன் வீட்டில் தெர்மாமீட்டர் மாட்டச் சொல்லி அவர்களே கூப்பிட்டார்கள். இடம் பார்க்க என்னை அழைத்தார்கள். நான் ஆசைப்பட்டதெல்லாம் வந்தது.

மாஸ்டர் அதன் பிறகு இரண்டு வருடம் எங்கள் தெருவில் இருந்தார். ஒரு ஞாயிறுகூட வராமல் இருந்ததில்லை. என்னோடு மரியாதையாகப் பேசினார். என் வீட்டுக் காப்பியைக் குடித்தார், சின்ன டம்ளரைத் தானாகவே எடுத்துக்கொண்டு. ஆனால் ஒரு தடவைகூட, "உங்க நோட்டுல என்ன இருக்குது?" என்று கேட்கவில்லை. அவரைத் தவிர வேறு யாரும் அதை என்னிடம் கேட்டதே கிடையாது.

அந்த வருடம் மே மாதம் அவர் நீல அட்டை போட்ட ஒரு பாக்கெட் நோட்டு வாங்கினார். எந்த வீட்டுக்குப் போனாலும் வெயில் விழும் இடத்தைப் பார்த்து அதில் ஏதோ குறித்து, சட்டைப்பையில் வைத்துக்கொள்வார். நான் பக்கத்திலேயே நிற்பேன். அதில் என்ன எழுதுகிறார் என்று பார்க்க எனக்கு ஆசையாக இருக்கும். கேட்க வாய் வராது.