தொண்டையில் இறங்காத மாத்திரை

எழுதுகிறவர்கள் எழுத வேண்டியதை நான் எழுத வந்ததற்கு முதலில் பொறுத்துக்கொள்ள வேண்டும். உயர்நிலை நான்கோடு என் படிப்பு முடிந்தது. பள்ளிக்கூட உணவகத்தில் நூடல்ஸ் கடைக்காரருக்கு உதவியாளாக இருக்கிறேன். நாலு பேர் சேர்ந்தாற்போல் என்னைப் பார்த்தால் கரண்டி கைநழுவும். போன மாதம் எனக்கும் பிரஷர் மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். அதைக் கையில் வாங்கியபோதுதான் இது நினைவுக்கு வந்தது. சொல்ல ஆள் கிடைக்காததால் எழுதிவிட்டேன்.

அப்போது எனக்குப் பத்து வயது. சிங்கப்பூரில், ஈசூனில் மூன்றறை வீடு. அப்பா பள்ளிக்கூட பஸ் ஓட்டினார். அவருக்குப் பிரஷர் இருந்தது. அடுத்த மாதம் லைசென்சுக்காக டாக்டரிடம் உடம்பைக் காட்ட வேண்டும். போன தடவையே அளவு எல்லையில்தான் நின்றதாம். இந்தத் தடவை ஏறியிருந்தால் ஸ்டியரிங்கைத் தொட முடியாது என்று அம்மா கவலைப்பட்டுக்கொண்டே இருந்தாள்.

மாத்திரையை எங்கள் புளோக்குக்குக் கீழே இருந்த கிளினிக்கில்தான் வாங்கினோம். இங்கே பார்க்கிற டாக்டரே மருந்தும் விற்பார். அது பெரிய கம்பெனி மாத்திரை. பில்லைப் பார்த்தால் அம்மாவுக்கும் பிரஷர் வந்துவிடும்.

இதற்கு வழி சொன்னவர் மாமா, அம்மாவின் தம்பி. தேக்காவில் புடவைக் கடையில் வேலை பார்த்தார். எந்தக் கவுண்டருக்கு முன்னாலும் பேசியே ஜெயித்துவிடலாம் என்று நம்பியவர்.

"அக்கா, ஒரே புடவையை வெறும் கவர்ல போட்டா ஒரு வெல, தங்கக் கலர் பெட்டியில வச்சா ஒரு வெல. மாத்திரையும் அப்படித்தான். கம்பெனி பேரு இல்லாம மருந்தோட சொந்தப் பேருல விப்பான், கால்வாசி வெல. டாக்டர்கிட்ட சீட்டு மட்டும் எழுதி வாங்கு, மிச்சத்தை நான் பாத்துக்கறேன்."

"கிழிச்ச. போன தடவை சலுகை விலைன்னு கொண்டாந்த மிக்ஸி இன்னும் சுத்தல."

ஆனாலும் சனிக்கிழமை காலை அம்மா சீட்டு கேட்டு வாங்கினாள். சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்துகொண்டு இலையை மட்டும் கட்டிக் கொடுங்கள் என்று கேட்டவளைப் பார்ப்பதுபோல் கிளினிக் அக்கா அம்மாவைப் பார்த்தாராம். இங்கிலீஷ் வாசிக்க என்னை மாமாவோடு அனுப்பினார்கள். மாமாவுக்கு இங்கிலீஷ் பேச வரும், வாசிக்க வராது. எனக்கு வாசிக்க வரும், பேச வராது. இரண்டு பேரும் சேர்ந்தால் ஒரு முழு ஆள்.

முதல் கடை சிராங்கூன் ரோட்டில். கண்ணாடி அலமாரியில் மருந்து வரிசையாக இருந்தது. விற்கத்தான் ஆள் இல்லை. "ஃபார்மசிஸ்ட் லஞ்ச் போயாச்சு லா. நான் ஷாம்பு மட்டும்தான் விக்கலாம்" என்றாள் கடைப்பெண். மாமா அரைமணி நேரம் பேசினார். கடைசியில் ஷாம்பு வாங்கிக்கொண்டு வெளியே வந்தோம்.

இரண்டாவது கடையில் ஃபார்மசிஸ்ட் இருந்தார். மலிவு மருந்துதான் இல்லை. டாக்டர் பழக்கத்தில் கம்பெனிப் பெயரையே எழுதியிருந்தார், கடையிலும் அதுதான் இருந்தது, விலையும் கிளினிக் விலையேதான். மாமா விடவில்லை. தேக்கா மார்க்கெட்டில் மீன் வாங்குகிறவர் மாதிரி பாதி விலைக்குக் கேட்டார். பிறகு முக்கால் விலைக்கு வந்தார். அதுவும் நடக்காதபோது, "சரி, கொசுறா ரெண்டு மாத்திரையாவது போடுங்க" என்றார். மீன்காரர் கறிவேப்பிலை தருவாரே, அந்தக் கணக்கு. நான் தும்மல் மருந்து விளம்பரத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். அந்த ஃபார்மசிஸ்ட் நல்ல மனிதர். சிரித்தபடியே மருந்தின் சொந்தப் பெயரைச் சீட்டின் ஓரத்தில் எழுதி, பீச் ரோட்டில் ஒரு கடையைக் காட்டிவிட்டார்.

மூன்றாவது கடையில் எல்லாமே இருந்தது. ஃபார்மசிஸ்ட் இருந்தார், வயதான சீன அம்மா, மூக்குக் கண்ணாடியைச் சங்கிலியில் மாட்டியிருந்தார். மருந்தும் இருந்தது. விலை மாமா சொன்ன அதே கால்வாசி. மாமா சீப்பை எடுத்துத் தலையை வாரிக்கொண்டார்.

அந்த அம்மா சீட்டை மறுபடி பார்த்தார். சீட்டில் பத்து மில்லிகிராம். அவரிடம் இருப்பது ஐந்து.

"ரெண்டு ரெண்டா போட்டுக்குவாங்க" என்றார் மாமா.

கேன்னாட், முடியாது என்றார் அந்த அம்மா. சீட்டில் இருக்கிற மாதிரிதான் கொடுக்கலாம், மாற்றுவதென்றால் டாக்டர் சொல்ல வேண்டும். போன் போட்டார். சனிக்கிழமை மத்தியானம், கிளினிக்கில் யாரும் எடுக்கவில்லை. திங்கட்கிழமை வரச் சொன்னார்.

மாமா தன் கடைசி ஆயுதத்தை எடுத்தார். குரலை இறக்கி, கண்ணைத் துடைத்து, வீட்டில் ஒரே ஒரு மாத்திரைதான் மிச்சம் என்றார். அது நாளைக்கு ஆகிவிடும், திங்கட்கிழமை என் அத்தான் என்ன செய்வார், பஸ் நிறையப் பிள்ளைகள் என்று அடுக்கிக்கொண்டே போனார்.

எனக்கு உறுத்தியது. மாமா பொய் சொல்கிறார். ஒரு மாத்திரை எத்தனை நாளைக்கு வரும் என்று எனக்குத் தெரியும். கணக்கில் அதுவரை எனக்கு யாரும் ஒரு சரி கூடப் போட்டதில்லை. ஆனால் இது எனக்குத் தெரிந்த கணக்கு. என் வாழ்க்கையில் முதல் தடவையாக, யாரும் கேட்காமலே, இங்கிலீஷில் பேசினேன்.

"ஒரு மாத்திரை ரெண்டு நாளைக்கு வரும், ஆன்ட்டி. திங்கட்கிழமைக்கும் இருக்கும். அப்பா கத்தியால வெட்டிப் பாதிதான் சாப்பிடுவாங்க. பத்துல பாதி அஞ்சு. அதனால உங்க மாத்திரையே சரியா இருக்கும், வெட்டக்கூட வேணாம்."

அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றினார். "எப்போதிலிருந்து?"

"ஜூன் லீவிலிருந்து."

அப்பா விடியற்காலையில், அம்மா எழுந்திருக்கும் முன், காய்கறிக் கத்தியால் வெட்டுவார். பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும் நான்தான் பார்ப்பேன். ஏன் என்று ஒருநாள் கேட்டேன். "முழுசு தொண்டையில இறங்க மாட்டேங்குது பாப்பா. அம்மாகிட்ட சொல்லாத, பயந்துடுவா" என்றார். நான் அம்மாவிடம் சொல்லவில்லை. இந்த ஆன்ட்டியிடம் சொல்லக் கூடாது என்று அப்பா சொல்லவில்லையே.

மாமாவைத் திரும்பிப் பார்த்தேன். கவுண்டரில் கிடந்த சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அம்மா உள்ளே போய்ப் போனை எடுத்தார். எங்கெங்கோ கூப்பிட்டு, எப்படியோ டாக்டரைப் பிடித்துவிட்டார். வெகுநேரம் பேசினார். வெளியே வந்து சீட்டில் எழுதி, இரண்டு மாதத்துக்கான மாத்திரையை எண்ணிப் போட்டு, உறையின் மேல் பெரிய எழுத்தில் தினமும் இரண்டு, முழுதாக என்று எழுதினார். எனக்கு ஒரு வைட்டமின் மிட்டாயும் கொடுத்தார். மாமா கொசுறு என்று வாயே திறக்கவில்லை.

ஈசூன் வரை பஸ்ஸில் மாமா சீப்பைத் தொடவில்லை. இறங்கும்போதுதான், "ஏன் பாப்பா இத என்கிட்ட சொல்லல?" என்றார்.

"நீங்க கேக்கல மாமா."

வீட்டில் அவர் அம்மாவை அடுப்பங்கரைக்குள் கூப்பிட்டு ஏதோ சொன்னார். அம்மா எதற்கோ அந்தக் காய்கறிக் கத்தியை எடுத்துக் கழுவினாள். சுத்தமாக இருந்த கத்தியை அத்தனை நேரம் கழுவினாள். கண் சிவந்திருந்தது. வெங்காயம் எதுவும் பக்கத்தில் இல்லை. நான் கூடத்தில் உட்கார்ந்து மிட்டாயைச் சப்பிக்கொண்டிருந்தேன். மாமாவால் முடியாததை என் இங்கிலீஷும் என் கணக்கும் முடித்துவிட்டன என்று பெருமையாக இருந்தது. அந்தப் பெருமை ரொம்ப வருஷம் இருந்தது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அம்மா முன்னால் நிற்க, அப்பா இரண்டு மாத்திரையையும் ஒன்றாக வாயில் போட்டு ஒரே மடக்குத் தண்ணீரில் விழுங்கினார். தொண்டை எப்போது சரியானது என்று கேட்டேன். அம்மா பழைய கிளினிக் பில்லை நாலாக மடித்துக் குப்பையில் போட்டாள்.