கோமாரியை விசாரிக்க வந்தவர்கள்

எங்கள் பக்கம் ஒரு மாடு படுத்துவிட்டால் அது மாட்டுக்காரன் பாடு என்று யாரும் விட்டுவிட மாட்டார்கள். காளை கிணற்றில் விழுந்தாலும், பசு கன்று போட முடியாமல் தவித்தாலும், வீட்டில் மனுசருக்கு ஒன்று என்றால் எப்படி வருவார்களோ அப்படித் திரண்டு வருவார்கள். தொழுவில் மாட்டைச் சுற்றி நின்று, உச்சுக் கொட்டி, ஆளுக்கு ஒரு வைத்தியம் சொல்லிவிட்டுப் போவார்கள். இதற்குப் பெயர் விசாரிக்கப் போவது. போகாமல் இருந்துவிட்டால் தலைமுறைக்கும் பேச்சுவார்த்தை நின்றுபோகும். பரளச்சிப் பக்கம் ஒரு கல்யாணத்தில், தாய்மாமன் மாலை போட வந்தபோது மாப்பிள்ளையின் அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். என்னவென்று கேட்டால், எப்போதோ அவருடைய எருமை செத்ததற்கு அந்த மாமன் எட்டிப் பார்க்கவில்லையாம். எருமை போன துக்கம் இன்னும் ஆறவில்லை. முகூர்த்தம்தான் தள்ளிப்போனது.

மழையை நம்பி விதைத்து அலுத்துப்போன பிறகு நானும் என் வீட்டுக்காரரும் கறவை மாடு வளர்க்க ஆரம்பித்தோம். ஊரில் இருப்பதில் எங்கள் தொழுதான் பெரியது. அதனால் அதைப் பண்ணை என்பார்கள். பால் வாங்க வரும்போது அதையே மரியாதையாகச் சொல்வார்கள், நாங்கள் இல்லாதபோது வேறு மாதிரிச் சொல்வார்கள்.

அந்த வருசம் வெயில் இறங்குகிற நேரத்தில் எங்கள் மூத்த பசு தீவனத்தை முகர்ந்து பார்த்துவிட்டு ஒதுங்கி நின்றது. வாயிலிருந்து எச்சில் நூலாக ஒழுகியது. காலைத் தரையில் வைக்க முடியாமல் மாற்றி மாற்றித் தூக்கியது. திருச்சுழியிலிருந்து வந்த மாட்டு டாக்டர் வாயைத் திறந்து பார்த்த உடனே கோமாரி என்றார். எங்கிருந்து வந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. சந்தையில் வாங்கிய பசுவோடு வந்ததோ, நரிக்குடியிலிருந்து வந்த வைக்கோல் லோடோடு வந்ததோ. டாக்டர் இரண்டே காரியம்தான் சொன்னார். மாட்டை வெளியே விடாதே. வெளியாளை உள்ளே விடாதே. காற்றில் வருவதைவிட இது காலிலும் கையிலும் துணியிலும்தான் அதிகம் போகும் என்றார்.

அவர் வண்டி தெரு முனை திரும்புவதற்குள் ஊர் உள்ளே வந்துவிட்டது.

முதலில் வந்தவர் ஊரில் எதற்கும் முன்னால் நிற்கும் பெரிய மனுசர். வந்தவர் சும்மா நிற்கவில்லை. பசுவின் வாய்க்குள் கையை விட்டு, நாக்கை இழுத்துப் பிடித்து, கொப்புளத்தை எல்லோருக்கும் காட்டினார். பிறகு கையைத் தோள்துண்டில் துடைத்துக்கொண்டு, உப்பும் புளியும் வைத்துத் தேய்க்கச் சொன்னார். புண்ணில் உப்பை வைத்துத் தேய்க்க வேண்டுமாம். அவர் நாக்கில் ஒருநாள் வைத்துப் பார்த்தால் தெரியும். அவருக்குப் பின்னால் வந்தவர்கள் குளம்பைத் தூக்கிப் பார்த்தார்கள், முதுகைத் தடவினார்கள், சாணியை மிதித்தார்கள். ஒருத்தி வீட்டில் மாட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டிருந்தவள், பன்னருவாளோடு அப்படியே வந்திருந்தாள். எச்சில் சொட்டிய இடத்திலேயே அதை வைத்துவிட்டுக் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு நின்றாள். ஒருவன் போனில் படம் பிடித்தான். அது அருப்புக்கோட்டை வரை போய்ச் சேர்ந்து, அங்கிருந்து ஒரு சொந்தக்காரி போன் போட்டு, மாட்டுக்கு வந்த கொரோனா மனுசருக்கு ஒட்டுமா, போன வாரம் வாங்கின தயிரைச் சாப்பிடலாமா என்று கேட்டாள். மாடு எப்படி இருக்கிறது என்று அவள் கேட்கவில்லை. நாங்கள் எப்படி இருக்கிறோம் என்றும் கேட்கவில்லை.

மறுநாள் காலையில் பால் வாங்க ஒரு தூக்குச்சட்டிகூட வரவில்லை. நோய்ப்பட்ட மாட்டின் பாலை நாங்களே குழி வெட்டி ஊற்றிக்கொண்டிருந்தோம். நல்ல மாட்டின் பாலைக் காய்ச்சிக் குடித்தால் ஒன்றும் செய்யாது என்று டாக்டர் சொன்னதை நான் ஒவ்வொருத்தியிடமும் சொன்னேன். தலையை ஆட்டிவிட்டு, பாளையம்பட்டிக் கடையிலிருந்து பாக்கெட் பால் வாங்கி வரச் சொல்லிவிட்டார்கள். சரி, பயம் இருக்கத்தான் செய்யும். ஆனால் அதே பெண்கள்தான் அன்று சாயங்காலம் திரும்பவும் தொழுவுக்குள் வந்து நின்றார்கள். பாலுக்குப் பயந்தவர்கள் மாட்டின் வாயைப் பிளந்து பார்க்கப் பயப்படவில்லை. பார்த்துவிட்டு நேராக வீட்டுக்குப் போய் அவரவர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டினார்கள். இந்தப் புத்திக்கு என்ன ஊசி போடுவது?

அன்று நான் வாசலில் குறுக்கே கயிறு கட்டினேன். வேப்பங்குழையைச் சொருகி, கீழே சுண்ணாம்பைத் தூவி, யாரும் உள்ளே வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சொன்ன விதம் கொஞ்சம் கடுமையாகத்தான் இருந்திருக்கும். என் வாய்க்கு அப்படித்தான் வரும். நோய் இருக்கிறது என்று தெரிந்ததும் யாரும் மூக்கைச் சுளிக்கவில்லை. கயிற்றைப் பார்த்ததும்தான் தெருவுக்கே முகம் செத்துப்போனது. விசாரிக்க வந்தவனைத் திருப்பி அனுப்புகிறவள், நாளைக்கு இழவு விழுந்து துட்டி கேட்க வந்தவனையும் திருப்பி அனுப்புவாள் என்றார்கள். நாலு மாடு கூட இருப்பதால் வந்த திமிர் என்றார்கள். என்னவும் சொல்லிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். நான் அந்தக் கயிற்றைக் கட்டியது அவர்கள் மாட்டுக்காக அல்ல. எதிர் வீட்டு மாட்டுக்காக.

எதிர் வீட்டுக்காரி என் வீட்டுக்காரருக்குத் தங்கை முறை. என்னை மதினி என்பாள். புருசன் இல்லை, மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டாள். அருப்புக்கோட்டையில் ஒரு நூல் மில்லுக்கு வருசக்கணக்காகப் போய், பஞ்சுத்தூசி நெஞ்சில் இறங்கி, பேசும்போது பாதியில் இருமல் வந்து நிற்கும். எங்கள் மூத்த பசு போட்ட கிடேரிக் கன்று ஒன்றைத்தான் வாங்கி வளர்த்தாள். அதுதான் அவளுடைய ஒரே மாடு. இப்போது அது தலைச்சன் சினையாக, இன்றோ நாளையோ என்று நின்றது. கன்று விழுந்து பால் இறங்கியதும் மில்லை விட்டுவிடப்போகிறேன் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் வாய் விட்டு ஆசைப்பட்டு நான் கேட்டது அது ஒன்றைத்தான்.

கயிறு கட்டிய அன்று மில்லிலிருந்து வந்தவள் அந்தப் பக்கம் நின்றாள்.

"எனக்குமா மதினி கயிறு?"

"ஒனக்குத்தான் மொதல்ல. சினை மாட்டை வச்சிக்கிட்டு இந்தப் பக்கமே எட்டிப் பாக்காத" என்றேன்.

ஊரே நேற்று உள்ளே போய் வந்திருக்கிறது, அவளுக்கு மட்டும் இல்லை என்றால் எப்படி இருக்கும்? எனக்கும் தெரியாமல் இல்லை. எல்லாம் சரியான பிறகு போய்ச் சமாதானம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

இரண்டு நாள் கழித்து நானும் என் வீட்டுக்காரரும் மருந்து வாங்க டவுனுக்குப் போய்விட்டு வந்தோம். மூத்த பசுவின் தாடையில் கம்மங்கூழ் ஒட்டியிருந்தது. தொழுவுக்குப் பின்னால் கருவேல முள் வேலியில் ஒரு இடத்தில் முள் விலகிக் கிடந்தது. தெருவுக்கு ஓடிவந்து கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று எதிர் வீட்டுக்காரியைக் கூப்பிட்டேன். சிரித்துக்கொண்டே வந்தாள்.

"பெத்தவ பட்டினி கெடக்காளே மதினி. கூழக் கரைச்சு, கையாலயே நாக்குல தடவிக் குடுத்தேன். மடக்கு மடக்குன்னு குடிச்சா."

"ஒன் மாட்டுக்குத் தீவனம் வச்சிட்டியா?" என்றேன்.

"அப்பவே வச்சிட்டேனே. ஏன்?"

நான் என்ன ஏசினேன் என்று இப்போது சரியாக நினைவில்லை. குளி, துணியை வேக வை, தீவன அண்டாவைக் கழுவு என்றெல்லாம் கத்தினேன். அவள் பயந்துபோய் எல்லாவற்றையும் செய்தாள். அதற்குள் என்ன நடக்க வேண்டுமோ அது நடந்து முடிந்திருந்தது. மற்றவர்கள் வேடிக்கை பார்க்க வந்தார்கள், அவர்களை ஏசினால் எனக்கு மனது குளிர்ந்திருக்கும். இவள் என் மாடு பசியாக இருக்கிறதே என்று வந்தவள். இவளை ஏசியதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அடுத்த வாரம் அவளுடைய மாட்டுக்கு வாயில் எச்சில் கண்டது. அந்தக் காய்ச்சலோடே கன்றும் போட்டது. கிடேரிக் கன்று, நெற்றியில் வெள்ளை. பிறந்து எழுந்து நின்றது, மடியை முட்டியது, ஒரு பொழுது நன்றாகத்தான் இருந்தது. மறுநாள் மத்தியானம் நின்ற நிலையில் விழுந்து செத்துப்போனது. இளங்கன்றுக்கு இந்த நோய் நெஞ்சில் போய் அடிக்கும் என்று டாக்டர் பிறகு சொன்னார். தாய் மாட்டுக்கு மடியிலும் புண். பால் என்று சொல்ல ஒன்றும் இறங்கவில்லை.

ஊருக்கு அதைவிட வேறு என்ன வேண்டும்? என் வாசலில் கிடைக்காத விசாரிப்பையெல்லாம் சேர்த்து அவள் வாசலில் கொண்டுவந்து கொட்டினார்கள். செத்த கன்றை ஆளாளுக்குப் புரட்டிப் பார்த்தார்கள். தோலை உரித்து வைக்கோல் அடைத்து வைத்தால் மாடு பால் விடும் என்று ஒருவர் கத்தியோடே வந்துவிட்டார். நான் போய்ச் சண்டை போட்டு, ஆழக் குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைக்கச் செய்தேன். அதற்கும் பேச்சுக் கேட்டேன். அதன் பிறகு கோமாரி ஒவ்வொரு வீடாக விசாரித்துக்கொண்டு போனது. பெரிய மனுசர் வீட்டு ஜோடிக் காளையையும் அது விடவில்லை. உப்பு, புளி தேய்த்தாரா என்று கேட்க வேண்டும் என்று இருந்தது, கேட்கவில்லை.

ஊர்க்கூட்டம் அம்மன் கோயில் முன்னால் கூடியது. இத்தனை மாட்டுக்கு நோய் எப்படி வந்தது என்று பேசினார்கள். பேசிப் பேசி, கை, கால், துண்டு, பன்னருவாள் எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கயிற்றில் வந்து நின்றார்கள். வாசலை மறித்தால் ஆத்தாளையே மறித்த மாதிரி, அந்தக் கோபம்தான் தெருவில் இறங்கியிருக்கிறது என்றார் பெரிய மனுசர். நான் குற்றத்தை ஒத்துக்கொண்டு ஊருக்காகப் பொங்கல் வைக்க வேண்டும் என்று முடிவானது. எனக்கு நாக்கு நுனியில் இருந்த பதிலுக்கு ஊரே காதைப் பொத்தியிருக்கும். நான் எழுவதற்குள் அவள் எழுந்துவிட்டாள்.

"அவுக மேல ஒண்ணுமில்ல. வேண்டாம்னு சொல்லியும் வேலிய விலக்கி உள்ள போனது நான். இந்தக் கையாலதான் என் மாட்டுக்குக் கொண்டு போனேன். என் கன்னுக்குட்டிய நாந்தான் கொன்னேன்."

இருமல் வந்து பேச்சு நின்றுவிட்டது. இருந்தவர்களில் என் தொழுவுக்குள் கால் வைக்காத ஆள் இல்லை. ஒருவராவது தானும் போனேன் என்று சொல்வார் என்று பார்த்தேன். பெரிய மனுசர் துண்டை எடுத்து உதறி மறு தோளில் போட்டார்.

"அப்பச் சரி. பொங்கல நீயே வச்சிரு" என்றார்.

அவள் தலையை ஆட்டினாள். "வைக்கிறேன். ஆனா மாடு இருக்குற வீட்டுக்காரவுக யாரும் வரப்படாது. இங்க வந்து கூடி நின்னுட்டு அப்படியே தொழுவுக்குப் போவீக" என்றாள்.

எங்கள் தெருவில் மாடு இல்லாத வீடு கிடையாது. அதைப் புரிந்துகொள்ளக் கூட்டத்துக்குக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும், இவளுக்கும் திமிர் வந்துவிட்டது என்றார்கள். கூட்டம் கலைந்து போகும்போது, கன்று போனதில் புத்தி கலங்கிவிட்டது என்று இரக்கப்பட்டவர்களும் உண்டு.

அவள் பொங்கல் வைத்த அன்று நான் என் வாசலில்தான் நின்றேன். எங்கள் தொழுவில் இரண்டு மாடு அதுவரை தப்பியிருந்தன. அதனால் நானும் போகக் கூடாது. கோயில் பக்கம் புகை எழுந்தது. அவள் ஒருத்தியாக அரிசியைக் களைந்து, ஒருத்தியாக அடுப்பை ஊதி, ஒருத்தியாகக் குலவையும் போட்டாள். குலவை பாதியில் இருமலாகி நின்றது. திரும்பவும் போட்டாள். என் வாழ்க்கையில் ஒரு இடத்துக்குப் போகாமல் இருக்க அவ்வளவு கஷ்டப்பட்டதில்லை.

மறுநாள் மில் வண்டி வந்து தெரு முனையில் ஹாரன் அடித்தது. அவள் சாப்பாட்டுப் பையோடு நடந்து போய் ஏறினாள். வாசல் தெளித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். திரும்ப மில்லுக்கா போகிறாய் என்று ஒருத்தரும் விசாரிக்கவில்லை.