சாமித்தட்டில் ஒரு பியர் போத்தல்

பொய் சொல்லிப் பிழைத்த காலம் என்று எனக்கு ஒரு மூன்று மாதம் உண்டு. அந்த மூன்று மாதமும் என் மூக்கு வேலை செய்யவில்லை.

மற்றவர்களுக்கு மூக்குப் போனால் ரசத்தில் ருசியில்லை என்று குறைப்பட்டுக்கொள்வதோடு சரி. எனக்கு அதுதான் சோறு. கண்டியில் ஒரு தேயிலை ஏற்றுமதிக் கம்பனியில் ருசி பார்க்கிறவனாக இருந்தேன். காலையில் நீள மேசையில் வெள்ளைக் கோப்பைகள் வரிசையாக நிற்கும். கரண்டியால் அள்ளி, பக்கத்துத் தெருவுக்குக் கேட்கிற மாதிரி உறிஞ்சி, வாய்க்குள் ஒரு சுற்றுச் சுற்றி, தொட்டியில் துப்பிவிட்டு அடுத்த கோப்பைக்கு நகர வேண்டும். விழுங்கக் கூடாது. பதினெட்டு வருடத்தில் அந்த மேசையில் ஒரு வாய்கூட நான் விழுங்கியதில்லை. துப்பிச் சம்பளம் வாங்குகிறவன் இந்த ஊரில் நான் ஒருவன்தான் என்று கல்யாண வீடுகளில் பெருமையடித்துக்கொள்வேன்.

அந்த வருடம் ஒரு காய்ச்சல் வந்தது. ஐந்தாம் நாள் காய்ச்சல் போனது, வாசனையையும் கூடவே கூட்டிக்கொண்டு போய்விட்டது. நாக்கு மிச்சம் இருந்தது. இனிப்பு, கசப்பு, துவர்ப்பு எல்லாம் தெரிந்தது. ஆனால் தேயிலையில் புகை பட்டிருக்கிறதா, கருகியிருக்கிறதா, சாக்கில் ஈரம் ஏறிப் பூஞ்சணம் பிடித்திருக்கிறதா என்று சொல்வது மூக்கின் வேலை. மூக்கில்லாத ருசிக்காரனைக் கம்பனி என்ன செய்யும்? சாக்கு அடுக்கும் பகுதிக்கு அனுப்பும். ஆகவே நான் யாரிடமும் வாயைத் திறக்கவில்லை.

எப்படிச் சமாளித்தேன் என்று கேட்டால், என் மேலதிகாரியின் புருவத்தை வைத்துத்தான். யாழ்ப்பாணத்துக்காரர், பெரிய கை. எனக்கு முன்னால் அவர் ருசி பார்ப்பார். புகை பட்ட தேயிலை வாய்க்குள் போனால் அவருடைய இடது புருவம் மெல்ல ஏறும். பூஞ்சணம் என்றால் இரண்டும் ஏறும். நான் பின்னாலேயே போய், அதே கோப்பையை உறிஞ்சி, கண்ணை மூடி யோசிப்பதுபோல் யோசித்து, "கொஞ்சம் புகை இருக்குதுங்க ஐயா" என்பேன். அவர் தலையாட்டுவார். காய்ச்சலுக்குப் பிறகு என் ருசி இன்னும் கூர்மையாகிவிட்டது என்று ஒருமுறை பாராட்டினார். வெட்கமாக இருந்தது. ஆனாலும் பாராட்டை வாங்கிக்கொண்டேன்.

பிறகு ஒருநாள் அவர் என் தோளில் கைவைத்தார். "மகளின்ர கலியாணத்துக்கு யாழ்ப்பாணம் போறன். அந்தக் கிழமைதான் தேயிலை வாங்கிற வெளிநாட்டுக்காரர் வாறார். நீர்தான் தனிய மேசையில நிக்க வேணும். ஓமோ?"

"சரிங்க ஐயா" என்றேன். புருவமும் அவரோடு யாழ்ப்பாணம் போகிறது என்பது பிறகுதான் உறைத்தது.

என் மனைவிக்கு மட்டும் விஷயம் தெரியும். அவளிடம் நானாகச் சொல்லவில்லை, கருவாடு காட்டிக்கொடுத்தது. அடுப்பில் கருவாடு கருகி வீடெல்லாம் நாறிக்கொண்டிருக்க, நான் அதே குசினியில் கதிரை போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்திருக்கிறேன். ஓடி வந்தவள் கருவாட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "ஏங்க, நெசமாவே ஒன்னும் தெரியலையா?" என்றாள். அன்றிலிருந்து சாமித்தட்டுக்கு முன்னால் அவள் நிற்கும் நேரம் கூடிப்போனது.

அந்தச் சாமித்தட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். முருகன், பிள்ளையார், மாரியம்மன் எல்லாரும் வழக்கம்போல் இருந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரி மாதா கோயில் திருவிழாவிலிருந்து கொண்டுவந்து கொடுத்த தேவமாதா தீர்த்தம் ஒரு சின்னப் போத்தலில் இருந்தது. மகள் நெருப்புக் காய்ச்சலில் கிடந்தபோது அலவத்துகொடையில் ஒரு பள்ளிவாசல் லெப்பை ஓதிக்கொடுத்த நூல் ஒரு ஓரத்தில் இருந்தது. நல்லது செய்கிறவர் யாராக இருந்தாலும் இடம் கொடுப்பாள், இன்ன மதம் என்று விசாரிக்க மாட்டாள்.

இந்த நேரத்தில் மனைவியின் தம்பி லீவில் வந்து இறங்கினான். பெல்ஜியத்தில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை. வந்த அன்றே என்னை அறைக்குள் இழுத்து, துவாய்க்குள் சுற்றியிருந்த போத்தல் ஒன்றை எடுத்தான். குட்டையாக, வயிறு பெருத்த பழுப்புப் போத்தல். "மச்சான், இது டுபெல்னு கறுத்த பியர். உங்க நாக்குக்குன்னே தூக்கிட்டு வந்தேன்" என்றான். லேபலில் ஒரு சாமியார். உச்சி மொட்டை, நீண்ட அங்கி, கூப்பிய கை, மூடிய கண். பின்னால் சிலுவை வைத்த கட்டடம்.

கதவு திறந்தது. என் மனைவி.

"என்னா தம்பி இது?"

அவன் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. "மடத்துல செஞ்சதுக்கா. வெளியாள் கை படாது. சாமிமாரே பக்குவமா செய்றது. எல்லாருக்கும் கிடைக்காது."

அதில் ஒரு சொல் பொய் கிடையாது. அவள் போத்தலை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அடியில் பியரின் மண்டி வெளிறிப் படிந்திருந்தது. "பாருங்க, விபூதி மாதிரி எறங்கியிருக்கு" என்றாள். ஐந்து நிமிடத்தில் சாமியார் பிள்ளையாருக்குப் பக்கத்தில் நின்றார், நெற்றியில் குங்குமத்தோடு.

நான் ஏன் உண்மையைச் சொல்லவில்லை என்றால், அதற்கு இரண்டு வருடத்துக்கு முந்திய ஒரு நாவலப்பிட்டிக் கல்யாணம் காரணம். அங்கே கொஞ்சம் கூடுதலாகப் போட்டுவிட்டு, பந்தியில் உட்கார்ந்து, பெண் வீட்டு ரசத்தைக் கரண்டியால் பெரிய சத்தத்தோடு உறிஞ்சி, வாழைமரத்தடியில் துப்பி, "புளி பழசு, பெருங்காயம் மட்டம்" என்று சபையில் தீர்ப்புச் சொல்லியிருக்கிறேன். மறுநாள் காலை என் மனைவி என்னை மகள் தலையில் அடிக்கவைத்து, இனிக் குடிப்பதில்லை என்று சத்தியம் வாங்கிவிட்டாள். இப்போது அது பியர் என்று சொன்னால் போத்தல் கழிவறைக்குப் போகும், மச்சான் பெல்ஜியத்துக்குத் திரும்ப ஓடுவான், நான்தான் அவளோடு இதே வீட்டில் இருந்தாக வேண்டும்.

மச்சான் திரும்பிப் போனான். போத்தல் இருந்தது. வெள்ளிக்கிழமைகளில் அவள் மோதிர விரலால் சாமியாருக்குப் பொட்டு வைத்து, "அவரோட மூக்கத் திருப்பிக் குடுத்துருங்க சாமி" என்று வாய்விட்டே கேட்டாள். அவள் பின்னால் கைகூப்பி நின்ற எனக்கு அந்த மூடிக்குள் என்ன இருக்கும் என்ற யோசனைதான். பாவிதான் நான், ஒத்துக்கொள்கிறேன்.

வெளிநாட்டுக்காரர் வருவதற்கு நாலு நாள் முந்திப் பௌர்ணமிப் போயா தினம் வந்தது. கம்பனி லீவு. மனைவி மகளைக் கூட்டிக்கொண்டு கடுகண்ணாவையில் இருக்கிற அக்கா வீட்டுக்குப் போனாள். நாடு முழுக்கச் சாராயக் கடை பூட்டிக் கிடக்கிற நாளில், காலை பத்து மணிக்கு, நான் சாமித்தட்டில் கைவைத்தேன்.

மூடியைக் கரண்டிக் காம்பால் வளையாமல் சுற்றிச் சுற்றி நெம்பினேன். அவ்வளவு நாளும் விளக்குச் சூட்டில் நின்ற போத்தல் சும்மா இருக்குமா? நுரை பொங்கிச் சாமியாரின் பொட்டைக் கழுவிக்கொண்டு இறங்கியது. அவசரமாக வெள்ளைக் கோப்பையில் சரித்தேன். செம்பழுப்பு நிறம், வெளிச்சத்தில் பிடித்தால் மாதுளை விதைச் சிவப்பு. மேலே பால் கலந்த கோப்பி நிறத்தில் தடித்த நுரை. நிறத்துக்கு முழுப் புள்ளி கொடுத்தேன். கரண்டியால் அள்ளி உறிஞ்சி, வாய்க்குள் சுற்றி, பழக்க தோஷத்தில் தொட்டியில் துப்பிவிட்டேன். இரண்டாவது கரண்டியையும் துப்பினேன். பெல்ஜியத்திலிருந்து வந்த சரக்கு என் குசினிக் குழாயடியில் போய்க்கொண்டிருந்தது.

நாக்கு சொன்னது இவ்வளவுதான். முதலில் இனிப்பு, திகட்டாத இனிப்பு. உடனே ஊசி குத்துகிற காஸ். கடைசியில் அடிநாக்கில் பேக்கரிப் பாண் கருகலைப் போல ஒரு மெல்லிய கசப்பு. சரக்கின் உடம்பு கனம், ஆனாலும் வாயில் ஒட்டவில்லை. வாசனைப் பக்கம் வெறும் சுவர். மூன்று மாதம் பார்த்த அதே சுவர். எனக்குக் கோபம் வந்துவிட்டது. போகட்டும், ருசிக்காரனாக இல்லாவிட்டால் குடிகாரனாகவாவது இருப்போம் என்று மூன்றாவது தடவை கோப்பையைத் தூக்கி அரைவாசியை விழுங்கினேன். நெஞ்சுக்குள் சூடு இறங்கியது.

கொஞ்ச நேரத்தில் ஓர் ஏப்பம் வந்தது. அடிவயிற்றிலிருந்து எழும்பி, தொண்டை வழியாக ஏறி, உள்பக்கமாக மூக்கில் நுழைந்த நல்ல பெரிய ஏப்பம். அதன் நுனியில் ஒரு கராம்பு இருந்தது.

நான் அசையாமல் உட்கார்ந்தேன். மறுபடி ஒரு வாய் விழுங்கிக் காத்திருந்தேன். கராம்புதான், சந்தேகமில்லை. அதற்குப் பின்னால் அதிகமாகக் கனிந்து தோல் கறுத்த வாழைப்பழம். அப்புறம் ஒவ்வொன்றாக வந்தன. உலர்ந்த திராட்சை, பேரீச்சம்பழம், கித்துள் பாணி காய்ச்சும்போது சட்டியின் ஓரத்தில் தீயும் அந்த வாசம், பெருநாளைக்கு அலவத்துகொடையிலிருந்து வருகிற தொதல் அல்வாவின் அடிப்பிடித்த துண்டு. கடைசியில் சுடச்சுடப் பாண் மேலோடு. அழுதேன். போயா தினத்தில், சாமிக்கு வைத்ததைத் திருடிக் குடித்துவிட்டு, குசினிக் கதிரையில் உட்கார்ந்து மூக்கால் அழுதேன்.

பிறகு வீடு முழுக்க மோந்து திரிந்தேன். தைலம், மண்ணெண்ணெய், மகளின் பாடசாலைப் பை, என் சப்பாத்து. சப்பாத்தை மட்டும் விட்டிருக்கலாம்.

இனித் திருட்டை மறைக்க வேண்டும். இதில் நான் கைதேர்ந்தவன். மூன்று வகைத் தூளை வெவ்வேறு நேரம் ஊறவைத்துக் கலந்து, அந்தச் செம்பழுப்புக்கு அச்சொட்டாக ஒரு வெறுந்தேத்தண்ணி செய்து ஊற்றினேன். விபூதிக்காக ஒரு சிட்டிகை தூசித் தேயிலையும் போட்டேன். மூடியை வைத்துக் குழவியால் மெல்லத் தட்டினேன். சாமியாருக்குப் புதுப் பொட்டும் வைத்தேன்.

சாயந்தரம் திரும்பி வந்தவளிடம் மூக்கு வந்துவிட்டது என்று சொன்னேன். அவள் சந்தோஷத்தில் குதிப்பாள் என்று நினைத்திருந்தேன். "எப்புடிங்க?" என்றாள். "சும்மா, தானா வந்துச்சு" என்றேன். சாமித்தட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "சரி. வெளிநாட்டுக்காரர் வர்ற அன்னைக்குக் காலையில சாமியார் தீர்த்தம் ஒரு கரண்டி குடிச்சிட்டுப் போங்க" என்றாள்.

அந்தக் காலையும் வந்தது. நான் சப்பாத்துப் போட்டு நின்றபோது போத்தலும் கரண்டியுமாக வந்தாள். மூடி அவள் விரலோடு கழன்று வந்தது. கரண்டியில் ஊற்றி நீட்டினாள். நாலு நாள் பழைய என் தேத்தண்ணிதானே என்று உறிஞ்சினேன்.

கருவாடு.

தேத்தண்ணிதான், ஆனால் உள்ளே தெளிவாகக் கருவாடு. துப்ப இடமில்லாமல் விழுங்கினேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்புடி இருக்கு?"

நல்லா இருக்கு, இனிப்பா இருக்கு என்று சொல்ல வாய் தயாராக இருந்தது. மூன்று மாதமாக அந்த வாய்க்கு அதுதானே பயிற்சி. உண்மையைச் சொன்னால் தீர்த்தம் நாறுகிறது என்று ஆகும். அதற்கும் மேலே, அதில் என்ன இருந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும் என்றும் ஆகும். திருதிருவென்று விழித்தேன். ஆனால் அவள் கண்ணில் இருந்தது கோபமில்லை, பயம். அதைப் பார்த்த பிறகு என்னால் முடியவில்லை.

"கருவாடு வாசம் அடிக்குது" என்றேன். "நான் ஊத்துனது வெறும் தேத்தண்ணிதான்."

அவள் பெருமூச்சு விட்டுக் கதிரையில் உட்கார்ந்தாள். "இப்பத்தான் நம்புறேன். மூக்கு வந்துருச்சு."

தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். எதன் பக்கத்தில் வைக்கிறோமோ அதன் வாசத்தைத் தேயிலை பிடித்துக்கொள்ளும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இரண்டு நாள் ஒரு பிடி தூளைக் கருவாட்டுப் பேணிக்குள் வைத்துவிட்டு, என் தேத்தண்ணியைக் கொட்டி, அந்தத் தூளில் சாயம் இறக்கி ஊற்றியிருக்கிறாள்.

"போயா அன்னைக்கே தெரியும்" என்றாள். "நான் மோதர வெரலால கடுகளவு வைப்பேன். நீங்க சாமியாருக்கு நெத்தியிலருந்து மூக்கு வரைக்கும் அப்பி வச்சிருக்கீங்க. ஆனா மூக்கு வந்துச்சுன்னு சொன்னது நெசமா, இல்ல கம்பனியில சொல்ற மாதிரி எனக்கும் சொல்றீங்களான்னு தெரியல. நாலு நாளாத் தூக்கமே இல்லீங்க."

அன்று மேசையில் நாற்பது கோப்பை. மூன்றில் புகை, ஒன்றில் பூஞ்சணம். எல்லாவற்றையும் என் சொந்த மூக்கால் பிடித்தேன். வெளிநாட்டுக்காரர் தலையாட்டினார். ஏறிய புருவம் அவருடையது.

வீட்டுக்கு வந்தபோது அவள் தம்பியோடு தொலைபேசியில் இருந்தாள். உள்ளது உள்ளபடி எல்லாவற்றையும் அவன் ஒத்துக்கொண்டுவிட்டான் என்று அவள் குரலில் தெரிந்தது. வெறும் போத்தல் கழுவித் துடைத்துப் பிள்ளையாருக்குப் பக்கத்திலேயே நின்றது, கடுகளவு பொட்டோடு.

"பியர்னு தெரிஞ்சுமா வச்சிருக்க?" என்றேன்.

"சாமிமார் செஞ்சதுதானே. கேட்டதக் குடுத்துட்டாரே." பிறகு கொஞ்சம் குரலைத் தாழ்த்தினாள். "அன்னைக்கு உங்க தேத்தண்ணியக் கொட்டிட்டு வெறும் போத்தல மோந்து பாத்தேன். கராம்பு, பாணி, என்னென்னமோ. எனக்கு ஒரு வாய் வச்சிருக்கலாமுல்ல?"

நான் சப்பாத்தைக் கழற்றக் குனிந்தேன்.

"தம்பிய அடுத்த லீவுக்கு ரெண்டு போத்தல் கொண்டாரச் சொல்லியிருக்கேன். ஒன்னு சாமித்தட்டுக்கு. ஒன்னு எனக்கு."

"அப்ப எனக்கு?"

"நீங்கதான் புள்ள தலையில அடிச்சு சத்தியம் பண்ணிருக்கீங்களே" என்றாள். "நான் பண்ணலையே."