சக்கை மரத்தின் தாய்வீடு

போன வாரம் எங்கள் வீட்டில் ஒரு வழக்கு முடிந்தது. தீர்ப்பு ஈமெயிலில் வந்தது.

வழக்கு இதுதான். ஆசைப்பட்டு வாங்கிய செகண்ட் ஹேண்ட் கார் வெயிலில் காய்கிறது. ஷெட் போட வேண்டும். போட வேண்டிய இடத்தில் ஒரு சக்கை மரம் — பலாவை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். வெட்டிவிடலாம் என்றேன். என் மனைவி கோமதி தோசைக் கரண்டியைக் கீழே வைத்தாள். அது நல்ல சகுனமில்லை.

அந்த மரம், பூதப்பாண்டியில் அவள் அம்மா வீட்டுச் சக்கையின் கொட்டை முளைத்து வந்ததாம். அம்மாவும் போய், வீடும் கைமாறிய பிறகு, தனக்கென்று மிஞ்சியது அது ஒன்றுதானாம்.

நான் சும்மா இருந்திருக்கலாம். இருந்தேனா? அது வடசேரிச் சந்தையில் நான் சுமந்து வந்த சக்கையின் கொட்டை என்றேன். எனக்கு நன்றாக ஞாபகம். அவளுக்கு அதைவிட நன்றாக ஞாபகம்.

அந்த நேரம் பார்த்து இலை கேட்டு வந்தாள் ஜெபா. பக்கத்துத் தெருப் பெண்; சக்கை மரங்களைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறாள். இலைக்குப் பச்சை நிறம் தருகிற குளோரோபிளாஸ்ட் இருக்கிறதே — பள்ளியில் பசுங்கணிகம் என்று படித்து, பரீட்சையோடு மறந்தோமே, அதேதான் — அதற்குள் தனியாக ஒரு டி.என்.ஏ. உண்டாம். அதை ஒப்பிட்டு, எந்த மரம் எதற்கு உறவு என்று பார்ப்பாளாம். விடுவோமா? அவளையே ஜட்ஜ் ஆக்கினோம். கைமாறிய வீட்டில் இன்னும் நிற்கிற பூதப்பாண்டி மரத்தோடு பொருந்தினால் இது நிற்கும். இல்லையென்றால் ஷெட்.

மகரந்தம் எந்தத் தோப்பிலிருந்து வந்ததோ, தகப்பன் யாரென்று எப்படித் தெரியும் என்று மடக்கினேன்.

"அப்பா இதுல கணக்கிலயே கிடையாது அங்கிள். இது அம்மா வழியாத்தான் வரும்."

எங்கள் முன்னோர் காலத்தில் நாஞ்சில் நாட்டில் மருமக்கள் வழி. சொத்து சகோதரி பிள்ளைகளுக்குப் போகும். அப்பா என்பவர் வீட்டில் ஒரு கௌரவ விருந்தாளி. அதைச் சட்டம் போட்டு மாற்றினார்கள். அந்தச் சட்டம் சக்கை மரத்துக்கு இன்னும் போய்ச் சேரவில்லை போல...

இரண்டு மரத்து இலைகளும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தில் — புதுச் செருப்புப் பெட்டியில் கிடக்குமே, அந்த மணிகள் — லேபுக்குப் போயின. அந்த ஒரு மாதமும் கோமதி போகும்போதும் வரும்போதும் மரத்தைத் தொட்டுவிட்டுப் போனாள். நான் ஷெட்டுக்கு அளவெடுத்தேன்.

ஈமெயில் வந்தது. இரண்டும் ஒரே வகை!

விடுவேனா? ஜெபாவுக்குப் போன் போட்டுக் குறுக்கு விசாரணை செய்தேன். வேறு வேறாக இருந்தால் உறவில்லை என்று அடித்துச் சொல்லலாம். ஒன்றாக இருந்தால் 'இருக்கலாம்' என்றுதான் சொல்ல முடியும் என்றாள். அவள் பார்த்ததில் நிறைய மரங்கள் அதே வகைதானாம். சந்தைச் சக்கையும் அதிலேயே வரலாமாம்.

விஞ்ஞானம் என் பக்கம்! அடுக்களைக்குப் போய் அறிவித்தேன். கோமதி நிதானமாகத் தோசையைத் திருப்பிப் போட்டாள்.

"அப்போ இந்த ஊரு சக்கைக்கெல்லாம் எங்கம்மா வீடுதான் தாய்வீடு. இப்ப வெட்டுங்கோ பாப்போம்."

அப்பீல் இல்லை. கார் இப்போது மாமியார் நிழலில்தான் நிற்கிறது... சக்கை பழுக்கிற மாதங்களில் மட்டும் கொஞ்சம் தள்ளி நிற்கும்.