நாலு ஊசி நேரம்

வாயில் நான்கு குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு திரைச்சீலையின் விளிம்பை மடித்துக்கொண்டிருக்கும்போது யாராவது கேள்வி கேட்டால், அந்த அம்மாள் உடனே பதில் சொல்வதில்லை. ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் துணியில் குத்துவார். உதட்டை ஒருமுறை ஈரப்படுத்திக்கொள்வார். பிறகுதான் பேச்சு. கேட்டவர் அதற்குள் கேள்வியையே மறந்திருப்பார். "அவசரம்னா நீங்களே ஒரு பதிலச் சொல்லிட்டுப் போங்க, நான் தலையாட்டிடறேன்" என்பார்.

எப்போதும் நான்குதான். "அஞ்சு வச்சா ஒண்ணு உள்ள போயிரும். அப்புறம் என்னைத்தான் பிரிச்சுத் தைக்கணும்."

வயது அறுபத்து மூன்று. வீட்டு முன்னறையே அவருடைய தையல்கூடம். ஜன்னலோரம் இயந்திரம், நடுவில் நீள மேசை, சுவரோடு சுவராகச் சுருட்டி நிறுத்திய துணி உருளைகள். மருத்துவமனைக் கட்டில்களுக்கு நடுவே தொங்கும் பச்சைத் திரையிலிருந்து பள்ளி மேடைப் படுதா வரை தைத்திருக்கிறார். யார் வீட்டுக்குப் போனாலும் அவர் கண் ஆட்களை நலம் விசாரிக்கும் முன் ஜன்னலை விசாரித்துவிடும். திரையின் விளிம்பு ஏறி இறங்கியிருந்தால் தாங்கமாட்டார். "கால் நொண்டுது பாருங்க" என்று துக்கம் கேட்கப் போன வீட்டில்கூடச் சொல்லியிருக்கிறார்.

குண்டூசி என்பதுதான் வீட்டில் அவர் பெயர். வைத்தவர் கணவர். அந்தக் கணவரைப் பாட்டு மாமா என்றால்தான் ஊருக்குத் தெரியும். பத்தொன்பது வருஷம், ஞாயிறு தவறாமல், மாலை ஆறு மணிக்குத் தொலைக்காட்சியில் வருவார். ஒரு நாற்காலி, ஒரு கரும்பலகை, அதில் அவரே எழுதிய பாட்டு. ஒரு வரி பாடுவார். நிறுத்துவார். வலது கையைக் காதோரம் குவித்துக்கொண்டு நம்மையே பார்ப்பார். வீட்டில் இருப்பவர்கள் அந்த வரியைத் திருப்பிப் பாட வேண்டும். பாடி முடித்ததும், கேட்டுவிட்டது என்பதுபோல ஒரு தலையசைப்பு. பிறகு அடுத்த வரி. அவ்வளவுதான் நிகழ்ச்சி. அதற்கு ஊரே அடிமை.

தன் முகத்தைத் தானே பார்க்க மனிதருக்கு அப்படியொரு கூச்சம். ஞாயிறு ஆறு மணியானால் குழாயைத் திறந்துவிட்டுப் பாத்திரம் கழுவப் போய்விடுவார். முதல் நிகழ்ச்சி முடிந்ததும் ஈரக்கையோடு எட்டிப் பார்த்து, "பாடினியா குண்டூசி?" என்றார்.

"எங்க பாடறது? வாயில இருக்கறத எடுக்கறதுக்குள்ள நீங்க அடுத்த தெருவுக்குப் போயிட்டீங்க."

வேறு எவராக இருந்தாலும், பாட்டு நேரத்தில் ஊசி எதற்கு என்று கேட்டிருப்பார். அவர் கேட்கவில்லை. ஈரத்தைத் துடைத்துக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தார். "வாயில வை. இப்ப எடு" என்றார். அம்மாள் எடுக்க எடுக்க, அவர் தன் தொடையில் விரலால் தட்டி எண்ணினார். மறுவாரத்திலிருந்து ஒவ்வொரு வரிக்குப் பின்னும் நான்கு ஊசி எடுக்கும் நேரமும், ஒரு வரி பாடும் நேரமும் சேர்த்து ஏழு விநாடி மௌனம். மேலதிகாரிகள் குதித்தார்கள். "எம் பொண்டாட்டிக்குக் கை ஒழியல சார்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

அந்த ஏழு விநாடி என்ன செய்தது என்பது அம்மாளுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் தெரிந்தது. வெள்ளை நூல் தீர்ந்துபோக, ஆறு மணிக்கு மேல் முனைக்கடைக்குப் போனார். தெருவில் ஈ காக்கை இல்லை. கடைக்காரர் நூல்கண்டைக் கையில் வைத்துக்கொண்டே பாடினார். வரி முடியும்வரை கொடுக்கவில்லை. திரும்பி வரும்போது வலப்பக்கம், இடப்பக்கம், மேல்மாடி என்று எல்லா ஜன்னலிலிருந்தும் கணவரின் குரல். திடீரென்று அது நின்றது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. பிறகு தெரு பாடியது. முகத்தில் பாதி சோப்போடு ஒருவர். சைக்கிள் கடையில் சக்கரத்தைச் சுற்றவிட்டபடி ஒருவர். ஆறு வருஷமாய்ப் பேச்சுவார்த்தை இல்லாத மேல்வீடும் கீழ்வீடும் ஒரே வரியை ஒரே மூச்சில். யாரும் முந்தவில்லை, யாரும் பின்தங்கவில்லை.

அம்மாள் நடுத்தெருவிலேயே நின்றுவிட்டார். "நம்ம வீட்டு ஜன்னல அளந்து ஊருக்கே திரை தச்ச மாதிரி இருந்துச்சு. அதுல அதிசயம் என்னன்னா, எல்லா வீட்டுக்கும் பொருந்திருச்சு" என்று சொல்லும்போது இன்றைக்கும் அவர் குரல் இறங்கிவிடுகிறது.

இந்த வழக்கம் வீட்டுச் சண்டையையும் விடவில்லை. கணவர் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டு காத்திருப்பாராம். "நானே திட்டி நானே முடிக்கணும். எதிர்த்துப் பேசாத ஆளோட சண்டை போட்டா அதுல என்ன ருசி இருக்கு?" ஒரே மகள் பல் மருத்துவரிடம் உதவியாளராக இருக்கிறாள். வாயைத் திறக்கச் சொல்லிவிட்டுக் கேள்வி கேட்கிற வேலை. "நான் மட்டும்தான் பதில் வர்ற வரைக்கும் காத்திருப்பேன். அப்பா புத்தி" என்கிறாள்.

பாட்டு மாமா போய் ஒரு வருஷம் ஆகிறது. நினைவு நாளுக்கு ஒளிபரப்பப் போகிறோம், வந்து பார்த்து ஒப்புதல் கொடுங்கள் என்று நிலையத்திலிருந்து அழைப்பு வந்தது. பத்தொன்பது வருஷத்தில் பதினொரு நாடாக்களே மிச்சம். அவையும் உதிரும் நிலை. கணினிக்கு மாற்றியதும் கழித்துவிடுவார்கள். இனி மாற்றி வைத்ததுதான் பாட்டு மாமா. வீட்டில் ஒரு நகல்கூடக் கிடையாது.

குளிரூட்டிய சின்ன அறை. படத்தொகுப்பு செய்யும் இளைஞர் நாற்காலி இழுத்துப் போட்டு அம்மாளையும் கூட வந்த மகளையும் மரியாதையாக உட்கார வைத்தார். திரையில் கணவர் வந்தார். பாடினார். கை காதுக்குப் போனது. அம்மாள் மூச்சை இழுத்தார். அதற்குள் கணவர் தலையசைத்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டார். அடுத்ததிலும் அப்படியே. நாற்பது வருஷத்தில் ஒருநாளும் அவசரப்படுத்தாத மனிதர், அம்மாளின் முகத்துக்கு நேராகவே அவரைத் தாண்டித் தாண்டி ஓடிக்கொண்டிருந்தார்.

"நடுவுல இருந்தது எங்க தம்பி?"

"சும்மா இருக்கற இடத்தையெல்லாம் குறைச்சிருக்கேம்மா. அங்க ஒண்ணும் நடக்கலயே."

"நாங்க இருந்தோம்ப்பா அதுல."

இளைஞர் சங்கடத்தோடு சிரித்தார். "இப்ப ஏழு விநாடி பேசாம இருந்தா சேனல மாத்திருவாங்கம்மா."

"மாத்தறவங்க மாத்தட்டும். பாடறவங்க எங்க பாடுவாங்க?"

"அம்மா, நீ கையெழுத்துப் போடாத. வா, எந்திரி" என்றாள் மகள்.

"நாம எந்திரிச்சுப் போனா இந்த மனுஷன் இப்படியே ஓடிக்கிட்டு இருப்பாருடி." இளைஞர் பக்கம் திரும்பினார். "வெட்டாதது ஒண்ணு இருக்கும்ல. அத ஒரு தடவ போடுங்க தம்பி."

போட்டார்.

"மாடிப்படி ஏறி வர்ற வெயிலே, மூச்சு வாங்கிட்டுப் போ" என்று பாடிவிட்டு, கணவர் கையைக் காதோரம் குவித்தார். ஒரு வருஷமாகப் பார்க்காத முகம், இப்போது எங்கும் போகாமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. அம்மாளும் அதையே பார்த்துக்கொண்டிருந்ததில் பாட மறந்துவிட்டார். ஏழு விநாடியும் வெறுமையாகப் போயிற்று. திரையில் இருந்தவர், எல்லாம் கேட்டுவிட்டது என்பதுபோலத் தலையசைத்தார்.

மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"நாலாம் மாடி வீட்டுக்காரி நாற்காலி போட்டு வச்சிருக்கா." மறுபடியும் கை காதுக்குப் போனது. மறுபடியும் மௌனம். பழக்க தோஷத்தில் இளைஞரின் விரல், தாவிச் செல்லும் பொத்தானை நோக்கி நகர்ந்தது.

திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே அம்மாள் அந்தக் கையைப் பிடித்தார். மெல்லத் தூக்கி இளைஞரின் மடியிலேயே வைத்தார். வைத்துவிட்டுப் பாட ஆரம்பித்தார். அடுத்த வரிக்கும், அதற்கடுத்த வரிக்கும் அந்தக் கை மடியிலேயே கிடந்தது.