சின்னப் பள்ளிக்கூடம் யாருடையது?

நான் படித்தது கடற்கரையோரம் இருந்த ஒரு சிறிய கலவன் பாடசாலை. அதன் பழைய மாணவர்கள் என்று லண்டன் முழுக்கத் தேடிப் பிடித்தாலும் ஒரு வான் வண்டியில் ஏற்றிவிடலாம். அந்த வானும் எங்கள் உதைபந்தாட்ட அணியின் கப்டனுடையதுதான். அவர் குட்மேய்ஸில் பலசரக்குக் கடை வைத்திருந்தார். என்னைவிட மூத்தவர் என்பதால் அண்ணை என்று கூப்பிடுவேன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், கோடைகாலத்தில் பழைய மாணவர் சங்கங்களுக்கிடையே நடக்கும் எழுவர் உதைபந்தாட்டத்துக்கு அவர்தான் எங்களையும் பதிந்துவிட்டார்.

போட்டி நடந்தது ரெய்னர்ஸ் லேன் பக்கத்து மைதானமொன்றில். முதல் ஆட்டமே யாழ்ப்பாணப் பட்டினத்துப் பெரிய கல்லூரியுடன். அவர்களுக்கு உடுப்பு மாற்றக் கூடாரம், மாற்றாட்கள், தோடம்பழம் வெட்டிக் கொடுக்க ஒரு ஆள். எங்களுக்கு அண்ணையின் வான். வெங்காய மணத்துக்குள் நின்று காற்சட்டை மாற்றிக்கொண்டு இறங்கினோம். பதினொன்றுக்குப் பூச்சியம். அந்தப் பதினொன்றில் ஒன்றை எங்கள் கோல்காப்பாளரே போட்டுக் கொடுத்தார்.

என் மனைவியின் தமையன்மார் அந்தக் கல்லூரியில் படித்தவர்கள். ஆகவே அவள் முழு ஆட்டத்தையும் எதிரணியின் கூடாரத்தில் இருந்து பார்த்தாள். வீடு திரும்பும்போது ரயிலில் மெதுவாகக் கேட்டாள்:

“இஞ்சாருங்கோ, உங்கட பள்ளிக்கூடத்திலை கோல் கம்பம் இருந்ததோ?”

“இருந்தது.”

“ரெண்டு பக்கமும்?”

நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். ஒரு பக்கம்தான் இருந்தது. மற்றப் பக்கம் அதிபரின் வேலி.

அந்த மாரிகாலத்தில் ஃபாரஸ்ட் கேட்டில் ஒரு தேவாலய மண்டபத்தில் சங்கங்களின் பொதுக்கூட்டம் நடந்தது. தலைமை வகித்தவர் ஒரு பல்வைத்தியர். எல்லோரும் அவரை டொக்டர் என்றே அழைப்பார்கள். நான் கவுன்சிலில் வேலை செய்தவன். கூட்டத்தில் எழுந்து எப்படிப் பேசுவதென்று அங்கே பார்த்துப் பழகியிருந்தேன். எழுந்து சொன்னேன்:

“டொக்டர், ரெண்டாயிரம் பேர் படிச்ச கொலிஜையும் இருநூறு பேர் படிச்ச பள்ளிக்கூடத்தையும் ஒண்டா மோத விடுறது நியாயமில்லை. பெரிய பள்ளிக்கூடங்கள் முதலாம் பிரிவு, சின்னப் பள்ளிக்கூடங்கள் ரெண்டாம் பிரிவு. ரெண்டுக்கும் தனித்தனிக் கிண்ணம் வையுங்கோ.”

நான் எதிர்பாராத அளவுக்குக் கைதட்டல். பின்வரிசைகளில் இருந்தவர்கள், அதாவது என்னைப்போலவே உதை வாங்கியவர்கள், எழுந்து நின்றே தட்டினார்கள். டொக்டருக்கும் சந்தோஷம்.

“அருமையான யோசனை. அப்ப ரெண்டாம் பிரிவிலை ஆர் ஆர்? கையை உயர்த்துங்கோ.”

ஒரு கைகூட உயரவில்லை.

பிறகு தீவுப்பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்காரர் ஒருவர் எழுந்தார். “டொக்டர், நல்ல யோசனைதான். ஆனா எங்கட பள்ளிக்கூடத்துக்கு மாடிக் கட்டடம் இருக்கு.” உடனே இன்னொருவர், தங்களிடம் பாண்ட் வாத்தியக் குழுவே இருந்ததென்றார். மூன்றாமவர் தங்கள் மைதானத்தில் ஒருமுறை ஹெலிகொப்டரே இறங்கியது என்றார்.

“அது ஆமிக்காரன்ரை ஹெலி எல்லே!” என்று யாரோ பின்னாலிருந்து கத்தினார்கள்.

“ஆற்றை எண்டால் என்ன, இறங்க இடம் இருந்ததோ இல்லையோ?”

டொக்டர் என் பக்கம் திரும்பினார். “தம்பி, யோசனை சொன்னது நீர்தானே. உம்மடை பள்ளிக்கூடத்தை முதலாவதாப் போடுவமே?”

நான் வாயைத் திறக்குமுன் அண்ணை எழுந்துவிட்டார். “டொக்டர், அவர் தன்ரை சொந்தக் கருத்தைச் சொன்னவர். எங்களை முதலாம் பிரிவிலை போடுங்கோ.” அமரும்போது என் காதில் சொன்னார்: “பதினொண்டு வாங்கினாலும் பெரியவங்களிட்டைத்தான் வாங்குவம். விளங்கிச்சோ?”

இப்படியாக, எல்லோரும் ஏற்றுக்கொண்ட இரண்டாம் பிரிவில் ஒரு பள்ளிக்கூடமும் இல்லாமற்போயிற்று.

பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு ஆட்டக்காரரின் வயதை வைத்துப் பிரிக்கலாம் என்று அடுத்து ஒருவர் சொன்னார். அது இன்னும் பெரிய வில்லங்கமாயிற்று.

“எந்த வயசு? அம்மா பெத்த வயசோ, இமிக்ரேஷனுக்குக் குடுத்த வயசோ?” என்று அண்ணை கேட்டார்.

மண்டபமே சிரித்தது. அந்தச் சிரிப்பிலும் சிலர் மட்டும் சிரிக்காமல் தரையைப் பார்த்தார்கள். டொக்டர் அவசரமாகத் தேநீர் இடைவேளை அறிவித்தார்.

கடைசியில் வழி சொன்னது என் மனைவி. அவள் வலைப்பந்தாட்டக் குழுவின் சார்பில் வந்திருந்தாள். தேநீரோடு வந்த ரோல்ஸைக் கடித்துக்கொண்டே டொக்டரிடம் சொன்னாள்: “ஏன் இப்பவே பிரிக்கிறியள்? காலமை எல்லாரும் விளையாடட்டும். வெண்ட ஆக்களுக்குப் பெரிய கிண்ணம். தோத்த ஆக்கள் பின்னேரம் தங்களுக்குள்ளை விளையாடி இன்னொரு கிண்ணத்தை எடுக்கட்டும். ஆரையும் சின்னன் எண்டு சொல்லத் தேவையில்லை.”

அதற்கு ‘மாலைக் கிண்ணம்’ என்று பெயர் வைத்தார்கள். தோற்றவர்களுக்கு அப்படியொரு அழகான பெயரை வேறு எங்கும் நான் கேட்டதில்லை.

அடுத்த கோடையில் காலை ஆட்டத்தில் ஒழுங்காகத் தோற்று, மாலைக் கிண்ணத்துக்குள் புகுந்தோம். அங்கே முதல் ஆட்டத்தில் மாடிக் கட்டடக்காரரை ஒன்றுக்குப் பூச்சியத்தால் வென்றோம். அடுத்ததில் ஹெலிகொப்டர்க்காரர். அவர்கள் பாதிப் பேர் ஷிப்டுக்குப் போய்விட்டதால் அதிலும் வென்றோம். இறுதியாட்டம்! எதிரணி யாரென்று கேட்கப் போன அண்ணை முகம் வெளிறித் திரும்பி வந்தார்.

“உவங்கள்தான்ரா, பெரிய கொலிஜ்!”

நடந்தது இதுதான். காலை ஒன்பது மணி ஆட்டத்துக்குப் பெரிய கல்லூரி அணி பத்தரைக்கு வந்திருக்கிறது. வராதவர்கள் தோற்றவர்கள் என்று நடுவர் எழுதிவிட்டார். தோற்றவர்கள் மாலைக் கிண்ணத்துக்கு. விதியில் ஒரு பிழையும் இல்லை. நான் டொக்டரிடம் ஓடினேன். அவர் கைகளை விரித்தார். “என்ன செய்ய ஏலும் தம்பி? உங்கட வீட்டு ஆளின்ரை யோசனைதானே.”

அந்த வீட்டு ஆள், அன்றும் தமையன்மாரின் கூடாரத்தில் இருந்தபடி எனக்குக் கைகாட்டினாள்.

ஆறு கோல் வாங்கினோம். ஆனால் ஆட்டம் முடியச் சற்று முன்பு அவர்களுடைய பின்வரிசைக்காரர் அடித்த பந்து, மூச்சு வாங்கிக் குனிந்து நின்ற அண்ணையின் முதுகில் பட்டுத் தெறித்து உள்ளே போயிற்று. எங்கள் பள்ளிக்கூடம் லண்டனில் அந்தக் கல்லூரிக்குப் போட்ட முதல் கோல். என்ன நடந்ததென்று அண்ணைக்கு விளங்கவில்லை. நாங்கள் அவரைத் தூக்கிய பிறகுதான் விளங்கியது. ஏழு பேரும் மைதானத்தைச் சுற்றி ஓடினோம். எதிரணியினர் இடுப்பில் கைவைத்துப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். என் மனைவி எதிரிக் கூடாரத்திலேயே எழுந்து நின்று கத்தியதாகப் பிறகு கேள்விப்பட்டேன். அவள் இதுவரை அதை ஒப்புக்கொள்ளவில்லை.

ஆட்டம் முடிந்து எல்லோரும் ஒன்றாகப் புல்லில் இருந்து கொத்துரொட்டி சாப்பிட்டோம். எங்களுக்கு மூன்று கோல் போட்டவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நல்ல மனிதர். எங்கள் பள்ளிக்கூடம் எங்கே இருந்ததென்று உண்மையான அக்கறையோடு கேட்டார். சந்தியையும் வளைவையும் சொல்லி விளக்கினேன். அவர் முகம் மலர்ந்தது.

“அட, அந்த வழியாலை எத்தினை தரம் சைக்கிளிலை போயிருக்கிறன்! அதிலை ஒரு சின்னத் தபால் கந்தோர் எல்லே இருந்தது? பள்ளிக்கூடம் ஒண்டையும் நான் காணேல்லையே!”

முதுகை நீவிக்கொண்டிருந்த அண்ணை கொத்துரொட்டித் தட்டைக் கீழே வைத்தார்.

“தம்பி, நீர் பார்த்தது எங்கட பள்ளிக்கூடத்தைத்தான். தபால் கந்தோர் அதைவிடப் பெரிசு.”